ஏழாம் நம்பர் மலையில விட்டுவச்ச மரம்

போன கிழமை தோட்டத்துல இருந்து எனக்கு ஒரு துண்டுக் கடிதம் வந்துச்சு. இப்ப அங்க மலை வேலையைப் பார்த்துக்கிற கண்டக்டர் எழுதியிருந்தார். நல்ல மனுஷன், கையெழுத்துதான் கோழி கிண்டின மாதிரி. "ஐயா அவர்களுக்கு, ஏழாம் நம்பர் மலையில் பழைய றப்பரைப் பிடுங்கிவிட்டு ஒட்டுக்கன்று வைக்கப் போகிறோம். மலை நடுவில் ஒரே ஒரு காட்டு மரம் நிற்கிறது. அடியில் பழைய கோடாலிக் காயம் இருக்கிறது. வெட்ட ஆரம்பித்து ஏன் விட்டீர்கள் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. இப்போது வெட்டலாமா?"

வெட்டலாமாவாம்! இருபத்தஞ்சு வருஷமா அந்த மரத்தைச் சுத்தித்தான் பால் வெட்டப் போறாங்க, வர்றாங்க. ஒருத்தனும் வாயைத் திறந்து கேட்கலை. பிடுங்குற நேரத்துல கேட்கிறாங்க. சரி, இப்பவாவது கேட்டாங்களே.

ஒரு வரியில காரணம் எழுதியிருக்கலாம். ஆனா எனக்கு ஒரு வரியில எதுவும் சொல்ல வராது. என் பொஞ்சாதி செல்லாயியைக் கேட்டா இன்னும் நல்லாச் சொல்லுவா. அதனால இதை முழுசா எழுதுறேன். பேசுற மாதிரிதான் எனக்கு எழுத வரும், படிக்கிறவங்க பொறுத்துக்கணும்.

நான் துறையூர்ப் பக்கம் இருந்து அப்பா கூட இலங்கைக்கு வந்தவன். பதினாலு வயசுல புல்லு வெட்டு, பதினெட்டுல கான் வெட்டு, அதாவது தண்ணி வடியிற வாய்க்கால். அப்பா ஊர்ல அடிச்சு அடிச்சு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்ததால இருபத்தாறுல ஆளுகளை வேலை வாங்குற கணக்கப்பிள்ளை. அடி வாங்கினதுக்குப் பலன் கிடைச்சுச்சு. அதுக்கு மேல அந்தக் காலத்தைப் பத்திச் சொல்ல எங்கிட்ட பெருசா ஒண்ணும் இல்லை.

அப்ப இரத்தினபுரிக்குத் தெக்கால, கலவானப் பக்கமெல்லாம், றப்பர் பைத்தியம் பிடிச்சு ஆட்டின வருஷங்கள். மலைக்கு மலை காட்டை வெட்டிக் கன்று வச்சாங்க. காடு வெட்டுறதுக்கு எங்க ஆளுக இல்லை, பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆளுகதான் வருவாங்க. அவங்களுக்குத் தலையாளு பண்டா. எனக்குப் பத்து வயசு மூத்தவன். ஒல்லியா, வெத்திலை வாயோட, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். எனக்குச் சிங்களம் நல்லா வரும்கிறதால தோட்டத்தை நடத்தின வெள்ளைக்காரர் பெரிய தொரை அவங்களை மேய்க்க என்னைப் போட்டார். மேய்க்கிறதாவது! பண்டாவை யார் மேய்ப்பாங்க? அவன் நடக்க, நான் பின்னால போனேன்.

காடு வெட்டுற முறையைச் சொல்லணும், இல்லைன்னா அந்தக் காயம் என்னன்னு புரியாது. மலை அடிவாரத்துல ஆரம்பிப்பாங்க. ஒவ்வொரு மரத்தையும் பாதிதான் வெட்டுவாங்க. கீழ்ப்பக்கம் ஒரு வாய், மேல்பக்கம் கொஞ்சம் உசரத்துல இன்னொரு வாய். விழாது, நிக்கும். அப்படியே வரிசை வரிசையா மேல ஏறிப் போவாங்க. ரெண்டு மூணு கிழமையில மலை முழுக்கப் பாதி வெட்டின மரமா நிக்கும். காத்தடிச்சா எல்லாம் முனகும். கடைசியா உச்சியில நிக்கிற பெரிய மரங்களை மட்டும் முழுசா வெட்டித் தள்ளுவாங்க. அது கீழ இருக்கிறதைச் சாய்க்கும், அது அதுக்குக் கீழ உள்ளதை. சங்கு ஊதி நாலு எண்ணுறதுக்குள்ள மலையே கீழ வந்துடும். அப்புறம் ஒரு மாசம் காயவிட்டு, மழைக்கு முன்னால தீ வைப்பாங்க. தள்ளுற நாள் தப்பினா காயாது. காயலைன்னா எரியாது. எரியலைன்னா அந்த வருஷம் கன்று வைக்க முடியாது. கணக்கப்பிள்ளை தலை உருளும்.

அந்த மலை ஏழாம் நம்பர். மாசி மாசம். தள்ளுறதுக்கு அஞ்சு நாள்தான் இருந்துச்சு.

பெரிய தொரையைப் பத்தியும் சொல்லிடுறேன். கத்த மாட்டார். கோவம் வந்தா தொப்பியைக் கழட்டி மண்டையைச் சொறிவார். அவ்வளவுதான், எங்களுக்கு அதுவே போதும். சங்கிலி அறுந்த ஒரு பைக்கடியாரத்தைச் சப்பாத்துக் கயிறுல கட்டிப் பையில வச்சிருப்பார். யார் என்ன சொல்லிக்கிட்டு வந்தாலும் அவர் கேட்கிறது ஒரே கேள்வி. "கண்ணாலே பார்த்தா? காதாலே கேட்டா?" காதால கேட்டதுன்னு சொன்னா, "போ, பார்த்துட்டு வா." அது எத்தனை மைல்னாலும் சரி. ஒருதடவை ஒரு பாலம் போச்சுன்னு சொன்னதுக்கு மழையில ஆறு மைல் என்னை நடக்க வச்சார். பாலம் நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற கதை.

இப்ப என் வீட்டு நிலவரம். செல்லாயிக்கு அந்தத் தை கடைசியில பிள்ளை பிறந்திருந்துச்சு. தலைப்பிரசவம். அவ ஆத்தாவும் என் ஆத்தாவும் ஊர்ல. நாங்க இருந்த லயத்து வரிசை வீடுகள்ல வழக்கம் என்னன்னா, தீட்டுக் கழியிற வரைக்கும் காம்பரா வாசல்ல சாக்குத் தொங்கவிட்டுடுவாங்க, ஆம்பளை உள்ள போகக் கூடாது. நான் வெளிய இஸ்தோப்புத் திண்ணையில படுத்துக்கிட்டேன். பக்கத்துக் காம்பரா பொன்னம்மாதான் காலையில பேர் பதியிற பிரட்டுக்குப் போறதுக்கு முன்னால ஏதாவது வச்சுக் கொடுத்துட்டுப் போகும், சாயந்திரம் வந்து பார்க்கும். நான் விடியாம மலைக்குப் போயி இருட்டி வருவேன். வந்ததும் கேட்பேன், "பொன்னம்மாக்கா, எப்படி இருக்கா?" "காய்ச்சல் விடலை தம்பி. எந்திரிக்க மாட்டேங்குது. பாலும் ஊறலை." அதைக் கேட்டுட்டுக் கவலையோட படுத்துக்குவேன். கவலைப்படுறதுதான் புருஷன் வேலைன்னு நினைச்சிருந்தேன் போல.

மருத்துவச்சி மாரியாயி பதினாறாம் நாள் வந்து பார்த்துட்டு, "இதுக்கு இருவாச்சிக் கொழுப்புதான் மருந்து. காய்ச்சித் தேச்சு, கறியை ரசம் வச்சுக் கொடுத்தா மூணே நாள்ல எந்திரிச்சு உட்காருவா"ன்னு சொல்லிடுச்சு. இருவாச்சின்னா பெரிய மூக்குப் பறவை, சிங்களத்துல கேந்தெத்தாம்பாங்க. எனக்கு உடனே பொறி தட்டுச்சு. ஏழாம் நம்பர் மலை நடுவுல ஹொரன்னு சொல்ற ஒரு காட்டு மரத்துக்கு அது நாள் முழுக்க வந்து வந்து போறதை நான் பார்த்திருந்தேன். சாம்பல் உடம்பு, வெளுத்த மூக்கு. மரத்துல ஒரு பொந்து, மூணாள் உசரத்துல. அங்க வந்து தொத்தும், என்னமோ செய்யும், கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டுப் பறந்துடும். பழத்தைப் பொந்துக்குள்ள சேத்து வைக்குதுன்னு நான் நினைச்சேன். பொந்தை எட்டிப் பார்த்தேனா? இல்லை.

வெட்டுக்காரங்க ரெண்டு பேர்கிட்ட சொன்னேன். பலாப்பாலைக் காய்ச்சிக் குச்சியில தடவி அது தொத்துற இடத்துல வச்சாங்க. மத்தியானத்துக்குள்ள ஒட்டிக்கிச்சு. ஒரு பக்க றெக்கை முழுக்கப் பிசின். கூடையில போட்டு மூடி என் கையில கொடுத்தாங்க. எனக்குச் சந்தோஷம்னா சந்தோஷம்! சாயந்திரம் மலை இறங்கும்போது பண்டா பாதையில நின்னான்.

"கணக்கபுள்ளே, அவனை விடு," அப்படின்னான். "அது ஆம்பளை. பொம்பளை உள்ள இருக்கு. மண்ணு வச்சு வாசல் மூடிட்டு முட்டையில உட்கார்ந்திருக்கு. இவன்தான் சாப்பாடு கொண்டாந்து சந்துல கொடுப்பான். இவன் போகலைன்னா உள்ள எல்லாம் செத்துரும்."

"உள்ள இருக்கிறவ பறந்து வெளிய வந்து தின்னுக்க வேண்டியதுதானே?"

"றெக்கை கொட்டிருச்சு. நான் ஒருதரம் உடைச்சுப் பார்த்திருக்கேன். உள்ள இருக்கிற வரைக்கும் றெக்கை இருக்காது. புதுசு முளைச்சுத்தான் வருவா."

அவன் ஒரே நாள்ல அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கோ ஆத்திரம். "என் பொஞ்சாதி அங்க சாகக் கிடக்கா, நீ குருவிக்குப் பொண்டாட்டி இருக்குன்னு கதை சொல்றியா? போ அங்கிட்டு!"ன்னு சத்தம் போட்டுட்டு நடந்துட்டேன். வழி பூரா அவனைத் திட்டிக்கிட்டே போனேன். அவன் சொன்னது உள்ள குத்தினதாலதான் அவ்வளவு திட்டு.

இஸ்தோப்புல கூடையை வச்சுட்டு, சாக்குக்கு வெளிய நின்னு சொன்னேன். "செல்லாயி, மருந்து கொண்டாந்துட்டேன். காலையில மாரியாயி வந்து அறுத்துக் காய்ச்சிரும். அந்தப் பண்டா என்னமோ உளறுறான், இதுக்குப் பொண்டாட்டி ஒருத்தி உள்ள மண்ணு வச்சு அடைச்சுக்கிட்டு இருக்காளாம், இவன்தான் ஊட்டுவானாம்..." சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

சாக்கு விலகுச்சு.

பதினாறு நாளைக்கு அப்புறம் அவ முகத்தை அன்னைக்குத்தான் பார்க்கிறேன். கண்ணு ரெண்டும் குழிக்குள்ள. தோள் எலும்பு துருத்திக்கிட்டு. பிள்ளையை நெஞ்சோட பிடிச்சிருந்தா. அவ என்னைப் பார்க்கலை, குனிஞ்சு கூடையைப் பார்த்தா. அந்த நேரம் பார்த்து அது தொண்டையை எக்கி எக்கி ஒரு ஆலம்பழத்தை வெளிய கொண்டாந்துச்சு. மூக்கு நுனியில பிடிச்சுக்கிட்டு அப்படியே வச்சிருக்கு. திங்கலை. நாள் முழுக்க வயித்துல வச்சிருந்த பழம்.

"இதை யாருக்கு வச்சிருக்கு?"ன்னு கேட்டா.

அவளே தொடர்ந்து சொன்னா.

"ஏங்க, அவன் அவளுக்குக் கொண்டுபோறதைப் பறிச்சு எனக்குக் கொடுத்தா அது எனக்கு ஒட்டுமா? எனக்கு மருந்து வேணாங்க. எனக்குப் பசிக்குது. பொன்னம்மாக்கா விடியக்காலம் வச்சுட்டுப் போற ரொட்டிதான் சாயந்திரம் வரைக்கும். அது பாவம், அதுக்கும் மூணு புள்ளைக இருக்கு. நான் அடுப்புக்கிட்டப் போனா தலை சுத்துது. மத்தியானத்துல ஒரு வாய் சுடுகஞ்சி கிடைச்சா நான் எந்திரிச்சிருவேன்."

பசி! மருந்துமில்லை, பேயுமில்லை, பசி. நான் தினம் "எப்படி இருக்கா"ன்னு காதால கேட்டுக்கிட்டு இருந்தேன். சாக்குக்கு இந்தப் பக்கம் நின்னு. ஒருநாள் அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்க்கத் தோணலை எனக்கு. இதை எழுதும்போது இப்பவும் கூசுது.

தீட்டாவது மண்ணாவது. உள்ள போனேன். அடுப்பைப் பத்த வச்சேன். அதுக்கு முன்னால நான் சோறாக்கினதே இல்லை. அந்தக் கஞ்சியில உப்பு அள்ளிப் போட்டுட்டேன். அவ முகத்தைச் சுளிச்சுக்கிட்டே ரெண்டு கோப்பை குடிச்சா.

மறுநாள் விடிஞ்சதும் கூடையோட நேரா பண்டாகிட்டப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியலை. "பண்டா, இதுக்கு என்ன செய்யலாம்?"னேன். அவன் ஒண்ணும் சொல்லிக் காட்டலை. கலவானயில முஸ்லிம் நானா கடையில வாங்கின தேங்காயெண்ணெயை எடுத்தான். ஒவ்வொரு இறகா எண்ணெய் தடவிப் பிசினை உருவினான், அப்புறம் தவிட்டை வச்சு எண்ணெயைத் துடைச்சு, றெக்கையைத் துணியால கட்டி வச்சான். "மூணு நாள் ஆகும்"னான். அப்புறம் என்னை அந்த ஹொர மரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய் அடியைக் காட்டினான். அங்கதான் அந்தக் காயம். கண்டக்டர் ஐயா பார்த்த காயம். மத்த மரமெல்லாம் பாதி வெட்டியிருக்க, இதுல பட்டையை மட்டும் எடுத்து வச்சிருந்தான். தூரத்துல இருந்து பார்த்தா வெட்டின மாதிரியே இருக்கும். உள்ள ஒருத்தி இருக்கான்னு அவனுக்கு முதல்லயே தெரியும். "ஏன் எங்கிட்ட சொல்லலை?"ன்னேன். "நீ கேட்கலையே"ன்னான்.

பெரிய தொரை பிரட்டுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "தொரைகளே, அந்த ஒரு மரத்தை விட்டுட்டுத் தள்ளணும்."

"உள்ளே பறவை இருக்கா? கண்ணாலே பார்த்தா?"

"இல்லைங்க தொரைகளே. பண்டா சொன்னான்."

தொப்பியைக் கழட்டினார். மண்டையைச் சொறிஞ்சார். "பார்த்துட்டு வா. சாயந்திரம் நான் வரும். பார்த்தா நிக்கும். பார்க்கலே, தள்ளும்."

மூங்கில்ல கணு விட்டு வெட்டின ஏணியைச் சாத்தி ஏறினேன். பொந்து வாசல் முழுக்கக் காஞ்ச மண்ணு மாதிரி அடைச்சிருந்துச்சு, நடுவுல விரல் நுழையிற அளவுக்கு ஒரு சந்து. கண்ணை வச்சுப் பார்த்தா இருட்டு. காதை வச்சா ஒரு சின்ன உராய்வுச் சத்தம். காதால கேட்டதுக்குத்தான் நம்ம தொரைகிட்ட மரியாதை கிடையாதே! பழத்தை ஒரு மூங்கில் சிம்புல குத்திச் சந்துகிட்ட நீட்டினேன். ஒண்ணும் வரலை. ஒரு மணி நேரம் நீட்டினேன். கை கடுத்துச்சு. உள்ள அவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. நேத்து மத்தியானத்துல இருந்து அவளும் பட்டினி. கீழ வெட்டுக்காரங்க சிரிக்கிறாங்க. "கணக்கபுள்ளைக்கு ரெண்டு கெதர!" கெதரன்னா சிங்களத்துல வீடு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் அதுதான் என் பட்டப்பேரு, ரெண்டு வீட்டுக்காரன்.

மத்தியானம் லயத்துக்கு ஓடினேன், கஞ்சி வைக்க. உப்பு இந்தத் தடவை குறைஞ்சு போச்சு. செல்லாயிகிட்ட நடந்ததைச் சொன்னேன். "வாங்க மாட்டேங்கிறா, செல்லாயி. சாயந்திரத்துக்குள்ள தலையைக் காட்டலைன்னா மரம் போச்சு."

கோப்பையை ஊதிக்கிட்டே அவ சொன்னா, "யாரு கொண்டாந்ததுன்னு தெரியாம எவ வாங்குவா? அவனையே கூட்டிக்கிட்டுப் போங்க."

அப்படி ஒரு யோசனை எழுத்துத் தெரிஞ்ச கணக்கப்பிள்ளைக்கு வரலை பாருங்க.

கூடையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஏறினேன். நாலு மணி இருக்கும். கீழ தொரை வந்து ஒரு அடிக்கட்டையில உட்கார்ந்து பிஸ்கோத்துத் தின்னுக்கிட்டு இருக்கார், தொப்பி தலையில. கூடை மூடியைக் கொஞ்சம் விலக்கினேன். அவன் பொந்தைப் பார்த்தான். கெக்கெக்கேன்னான். உள்ள இருந்து ஒரு சத்தம், பிள்ளை சிணுங்குற மாதிரி. அவன் தொண்டையை எக்கிப் பழத்தை எடுத்தான். றெக்கை கட்டுல இருக்கு, எட்டலை. அவன் மூக்குல இருந்து அந்தப் பழத்தை நான் வாங்கி, சிம்புல வச்சு, நீட்டினேன். கடவுளேன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

சிம்பு லேசா இழுபட்டுச்சு. கண்ணைத் திறந்தா, சந்துல கறுப்பு மூக்கு, நடுவுல வெளுத்த கோடு. வாங்கிக்கிட்டா! அடுத்ததையும் வாங்கினா. ஒவ்வொண்ணா பதிமூணு பழம். நான் மேல நின்னு அழுதுட்டேன், சொல்றதுக்கு என்ன வெட்கம்.

கீழ பார்த்தா தொரை கடியாரத்தைப் பார்த்துச் சின்னப் புஸ்தகத்துல எழுதிக்கிட்டு இருக்கார். "பார்த்தது," அப்படின்னார். "மூணு நாள் தரும். மரம் நிக்கும். ஆனா தள்ளுற நாள் மாறாது. மரம் ஆள் மேலே விழுந்தா, நீ. எரிஞ்சா, நீ." எழுந்து போயிட்டார்.

மூணு நாள்! பாதி வெட்டின மலை நடுவுல ஒரு மரத்தை மட்டும் எப்படிக் காப்பாத்துறது? பண்டா, தலைக்கு வகிடு எடுக்கிற மாதிரி, மலையை ரெண்டாப் பிரிச்சான். ஹொர மரத்துக்கு மேலயும் பக்கத்துலயும் நின்ன மரங்களை ஒவ்வொண்ணா கயிறு கட்டி விலக்கி விழ வச்சான். பாதி வெட்டின மரத்துக்குக் கயிறு கட்டுறது விளையாட்டில்லை, எந்தப் பக்கம் சாயும்னு அதுக்கே தெரியாது. வெட்டுக்காரங்க யாரும் சம்பளத்துக்காக அதைச் செஞ்சிருக்க மாட்டாங்க, பண்டா சொன்னதுக்காகச் செஞ்சாங்க. நான் விடியக்காலம் பழம் பொறுக்கப் போவேன், வெயிலேறுறதுக்குள்ள ஒரு தடவை, மத்தியானம் லயத்துக்கு ஓடிட்டு வந்து ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை அவளுக்கு ஊட்டுவேன். அங்க கஞ்சி, இங்க பழம். அப்பத்தான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சுச்சு, ஒருத்தனுக்கு இது எவ்வளவு பெரிய வேலைன்னு. அந்த மூக்கன் சும்மா சிரிச்சுக்கிட்டுப் பறந்தான்னு நினைச்சேனே!

மூணாம் நாள் சாயந்திரம் பண்டா கட்டை அவிழ்த்தான். மூக்கன் தடுமாறி ஒரு கிளையில உட்கார்ந்தான், இறகைக் கோதினான், மலைக்கு அந்தப் பக்கம் பறந்து போயிட்டான். திரும்பிக்கூடப் பார்க்கலை.

நாலாம் நாள் சங்கு ஊதினாங்க. மலை ரெண்டு பாகமா இறங்குச்சு. தூசி அடங்க வெகு நேரமாச்சு. அடங்கினதும் பார்த்தா, மொட்டை மலை நடுவுல ஒத்தை மரம். ஆனா அவன் வரலை. அன்னைக்கு முழுக்க வரலை. அடுத்த நாள் காலையும் வரலை. இடம் தெரியாமப் போச்சோ, பயந்துட்டானோ, நான் பிடிச்ச பயம் விடலையோ? நானே ஊட்டினேன். செல்லாயிகிட்டச் சொல்லிப் புலம்பினேன். "இனிமே ஒரு மாசத்துக்கு நான்தான் போல." "ஊட்டுங்க, உங்களுக்கு இப்ப நல்லா வருது"ன்னா அவ. அன்னைக்கு அவ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்திருந்தா. பாலும் ஊறியிருந்துச்சு.

ரெண்டாம் நாள் மத்தியானம் கஞ்சிக் கோப்பையோட நின்னுக்கிட்டு இருக்கேன், மலையில இருந்து பண்டாவோட கூவல். பண்டா கூவி யார் கேட்டிருக்கா! ஓடினேன். மூக்கன் வந்துட்டான். தொண்டை புடைக்கப் பழம். சந்துல ஒவ்வொண்ணா வைக்கிறான், வைக்கிறான், நிறுத்த மாட்டேங்கிறான்.

பங்குனி பிறந்து கொஞ்ச நாள்ல பொந்துக்குள்ள இருந்தவ மண் சுவத்தை உடைச்சு வெளிய வந்தா. புது றெக்கை. குஞ்சுக உள்ள இருந்தபடியே வாசலைத் திரும்ப அடைச்சுக்கிச்சுக, அதுகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்களோ. அப்புறம் ரெண்டு பேரும் மாறி மாறிக் கொண்டாந்தாங்க. அவன் போக அவ வர, அவ போக அவன் வர. தொரை ஞாயித்துக்கிழமைகள்ல வந்து கட்டையில உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருப்பார். ஒருதரம் நான் செல்லாயியையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். "உங்கள விட அவன் சுறுசுறுப்பு"ன்னா. தீ வைக்க நாலு நாள் இருக்கும்போது குஞ்சு ரெண்டும் பறந்துச்சுக. மரத்தைச் சுத்தி அகலமா சுரண்டி வச்சிருந்தோம், தீ அங்க நின்னுடுச்சு.

அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் கணக்கப்பிள்ளை, பெரிய கணக்கப்பிள்ளை, கடைசியில கண்டக்டர். என் கையில இருந்த மலைகள்ல ஒரு வழக்கம் வச்சேன். எந்த ஆம்பளைக்குப் பிள்ளை பிறந்தாலும் நாப்பது நாளைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் லயத்துக்குப் போய்ச் சோறாக்கி வச்சுட்டு வரணும். ஆசைப்பட்டவன் மட்டும் இல்லை, எல்லாரும். முதல்ல எவனும் போகலை, வெட்கம். "நாங்க என்ன பொட்டையா"ன்னு கேட்டான் ஒருத்தன். "நீ ரெண்டு வீட்டுக்காரனை விடப் பெரிய ஆம்பளையோ?"ன்னு கத்தி விரட்டினேன். பின்னால வந்த ஒரு சின்ன தொரை, இது எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு கேட்டார். "புஸ்தகத்துல இல்லைங்க, மரத்துல இருக்கு"ன்னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பார். ஆனா நிறுத்தலை. எத்தனை பொம்பளைக அதனால எந்திரிச்சு நடந்தாங்கன்னு நான் எண்ணலை. பொன்னம்மா மகளுக்குப் பேறு ஆனப்ப மருமகன் வேர்த்து விறுவிறுக்கச் சட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினதைப் பார்த்தேன், அது போதும் எனக்கு.

பண்டா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. அன்னைக்குக் கேட்காத மன்னிப்பை நான் கடைசி வரைக்கும் கேட்கலை. அவனுக்கு அது தேவைப்படலைன்னு செல்லாயி சொல்றா. எனக்குத் தேவைப்படுது, அதனால இங்க எழுதி வைக்கிறேன்.

இப்ப நாங்க பலாங்கொடையில இருக்கோம், அன்னைக்குச் சாக்குக்குப் பின்னால கைப்பிள்ளையா இருந்த மகளோட. கண்டக்டரோட துண்டை வாசிச்சுக் காட்டினதும் செல்லாயி ஒண்ணுதான் கேட்டா. "உள்ள யாராச்சும் இருக்காளான்னு பார்த்தாங்களாமா?"

அதையே எழுதி அனுப்பினேன். "கண்டக்டர் ஐயாவுக்கு. வெட்டலாமா கூடாதான்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு முழு நாள், விடியிறதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும், அந்த மரத்தடியில உட்காருங்க. யார் சொன்னதையும் கேட்க வேண்டாம். கண்ணால பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

நேத்து பதில் வந்துச்சு. அதே கோழிக் கிண்டல் எழுத்து. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் சத்தமா வாசிச்சேன். செல்லாயி நான் வச்ச கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு இருந்தா. இப்பெல்லாம் உப்பு சரியா இருக்கும்.

"ஐயா, காலை பத்து மணிக்கு ஒன்று வந்தது. வாயில் பழம். மூக்கு வெள்ளை."

அவ கோப்பையைக் கீழ வச்சா.

"அப்ப அவ உள்ளதான் இருக்கா," அப்படின்னா.